கோயம்பேட்டுக்கு ஏற்றுவதா, அரக்கோணத்திலேயே இறக்குவதா?
வண்டிக்குச் சொல்லும் முன் போட வேண்டிய கணக்கு

அரக்கோணம், நெமிலி, திருத்தணி சுற்றுவட்டாரத்தில் கத்தரியும் வெண்டையும் பறிப்புக்கு வந்துவிட்டால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழும். மூட்டையைக் கோயம்பேட்டுக்கு அனுப்புவதா, உள்ளூர் மார்க்கெட்டிலேயே போட்டுவிடுவதா? பெரும்பாலும் இந்த முடிவை எடுப்பது கைபேசியில் வரும் விலை நிலவரம்தான். 'அங்கே கிலோ 22 ரூபாய், இங்கே 16 ரூபாய்' என்று தெரிந்ததும் வண்டிக்குச் சொல்லியாகிவிடுகிறது. மறுநாள் காலை மண்டிச் சீட்டைப் பார்க்கும்போதுதான், அந்த 6 ரூபாய் வித்தியாசம் வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது தெரிகிறது.

விதை எத்தனை ரூபாய், யூரியா எத்தனை மூட்டை, களை எடுக்க எத்தனை ஆள் என்பதையெல்லாம் விவசாயிகள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் 20 ரூபாய்க்குப் பேரம் பேசுபவர்களும் உண்டு. ஆனால், அறுவடைக்குப் பிறகான செலவு மட்டும் நோட்டில் 'வண்டி – 2,800' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியைக் கிலோவுக்கு எத்தனை என்று பிரித்து எழுதிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

வண்டி வாடகை நடைக்கு, விற்பனை கிலோவுக்கு

அரக்கோணத்திலிருந்து கோயம்பேடு சுமார் 70 கிலோமீட்டர். 'குட்டி யானை' என்று சொல்லப்படும் சிறிய சரக்கு வண்டியில் 700 முதல் 750 கிலோ வரை ஏற்றலாம். எடுத்துக்காட்டுக்காக, ஒரு நடைக்கு வாடகை 2,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரை ஏக்கர் கத்தரியில் ஒரு பறிப்புக்கு 200 கிலோ வருகிறது. அதை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால், கிலோவுக்கு வாடகை 14 ரூபாய். அதே வண்டியில் 700 கிலோ போனால் 4 ரூபாய். வண்டிக்காரர் இரண்டு நாளும் ஒரே வாடகைதான் வாங்குகிறார். டீசலும் ஏறக்குறைய அதே அளவுதான் செலவாகிறது. மாறியது லோடு மட்டுமே.

இனி விற்பனைப் பக்கம். கோயம்பேட்டில் கிலோ 22 ரூபாய். அங்கே போய்ச் சேரும்போது வாடல், உடைசல், கழிவு என்று 100 கிலோவுக்கு 3 கிலோ குறைகிறது என்று கொண்டால், அனுப்பிய ஒரு கிலோவுக்குக் கிடைப்பது 21.34 ரூபாய். கமிஷன் 10 சதவீதம் எனக் கொண்டால் 2.13 ரூபாய் போகும். ஏற்று கூலி, இறக்கு கூலி 50 காசு. வாடகைக்கு முன் மிஞ்சுவது 18.71 ரூபாய். உள்ளூரில் கிலோ 16 ரூபாய், கமிஷன் 1.60, ஆட்டோவுக்குக் கிலோவுக்கு 1.50 போனால் கையில் நிற்பது 12.90 ரூபாய்.

இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 5.81 ரூபாய். அதாவது, கோயம்பேட்டு வாடகை கிலோவுக்கு 5.81 ரூபாய்க்குள் அடங்கினால்தான் அங்கே போவதில் பொருள் உண்டு. 2,800-ஐ 5.81-ஆல் வகுத்தால் சுமார் 480 கிலோ வருகிறது. அதற்குக் குறைந்த லோடுடன் கிளம்பும் ஒவ்வொரு நடையும் நஷ்டத்தில்தான் கிளம்புகிறது. 200 கிலோவுடன் தனியாகப் போனவருக்குக் கிலோவுக்கு 4.71 ரூபாய்தான் மிஞ்சும். உள்ளூரிலேயே போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட, அந்த ஒரு பறிப்பில் அவருக்கு 1,600 ரூபாய்க்கு மேல் குறைவு. இரவுத் தூக்கமும் டீக்காசும் இதில் சேரவில்லை.

அதே நேரத்தில், கோயம்பேட்டு விலை 22-லிருந்து 18-க்கு இறங்கி, உள்ளூர் விலை அப்படியே இருந்தால் என்ன ஆகும்? அதே முறையில் கணக்கிட்டால், கட்டுப்படியாகும் லோடு 1,200 கிலோவைத் தாண்டிவிடுகிறது. குட்டி யானையில் அது ஏறாது. அன்றைக்குக் கோயம்பேடு கணக்கிலேயே இல்லை.

இங்கே சொன்ன வாடகையும் விலையும் கணக்கு காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தங்கள் ஊர் வாடகை, தங்கள் மண்டியின் கமிஷன், தங்கள் காயின் கழிவு ஆகியவற்றைப் போட்டு, தங்கள் எல்லை எத்தனை கிலோ என்று ஒரு முறை கண்டுபிடித்து நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு எண் தெரிந்துவிட்டால், பறிப்பு நாளன்று முடிவெடுக்க இரண்டு நிமிடம் போதும்.

மூட்டைக் கணக்கு வண்டியில் உள்ள சிக்கல்

தனி வண்டி பிடிக்க முடியாத சிறு விவசாயிகளுக்குப் பல ஊர்களில் வேறு ஏற்பாடு உள்ளது. மாலையில் ஒரு வண்டி ஊர் ஊராக வந்து மூட்டைகளை ஏற்றிச் செல்லும். வாடகை மூட்டைக்கு இவ்வளவு என்று மண்டிச் சீட்டிலேயே கழிக்கப்படும். லோடு சேர்த்து அனுப்புவதன் பலன் இதில் தானாகவே கிடைத்துவிடுகிறது. 3 மூட்டை வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால், வாடகை மூட்டைக்கு என்பதால் விவசாயி என்ன செய்கிறார்? 50 கிலோ பிடிக்கும் சாக்கில் 65 கிலோவைத் திணிக்கிறார். வாயில் இலையை வைத்துச் சணலால் இழுத்துத் தைக்கிறார். வாடகையில் மிச்சம் பிடித்துவிட்டதாக அவருக்கு ஒரு திருப்தி. இந்த மூட்டையின் மேல் இன்னும் 4 மூட்டைகள் ஏறுகின்றன. அதற்கு மேல் ஓர் ஆளும் உட்கார்ந்து வருகிறார். கத்தரியில் தோல் உரசிப் பழுப்புத் தட்டுகிறது. வெண்டையின் முனை கறுக்கிறது. மண்டியில் மூட்டையை அவிழ்த்ததும் வியாபாரி கையை விட்டு அடியிலிருந்து 4 காயை எடுத்துப் பார்க்கிறார். அந்த 4 காய்தான் முழு மூட்டைக்கும் விலை சொல்கின்றன. மூட்டைக்கு 10 ரூபாய் வாடகை மிச்சமாகி, கிலோவுக்கு 2 ரூபாய் விலை குறைந்தால், 65 கிலோவுக்கு 130 ரூபாய் போகிறது. இதைப் போக்குவரத்துச் செலவு என்று யாரும் எழுதிக்கொள்வதில்லை. உண்மையில் அதுவும் போக்குவரத்துச் செலவுதான்.

பிளாஸ்டிக் கிரேட்டில் அனுப்பினால் இந்த நசுங்கல் பெருமளவு குறையும். அதற்கு முதலீடு வேண்டும், காலி கிரேட்டைத் திரும்ப எடுத்து வரவும் வேண்டும், கிரேட்டின் எடையும் லோடில் சேரும். தொலைந்துபோகும் கிரேட்டுகள் இன்னொரு தலைவலி. எனவே எல்லாக் காய்க்கும் கிரேட் வேண்டியதில்லை. தக்காளி, கத்தரி போன்றவற்றுக்கு அவசியம். சுரைக்கும் பூசணிக்கும் அவசியமில்லை. கிரேட்டில் குழுவின் அடையாளமாக ஒரு நிறத்தைப் பூசி, மண்டியில் எண்ணிக்கொடுத்து எண்ணி வாங்கும் பழக்கம் இருந்தால் தொலைவது குறையும்.

தூரத்தைவிட, ஏற்றி இறக்குவதுதான் செலவு என்பதை உலக வணிகம் கண்டுகொண்ட கதை ஒன்று உண்டு. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு கப்பல் 58 இரும்புப் பெட்டிகளுடன் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. அதுவரை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து கப்பலில் ஏற்றியபோது டன்னுக்குச் சுமார் 6 டாலர் செலவானது. பெட்டியோடு தூக்கி வைத்தபோது அது 16 சென்ட்டாகக் குறைந்தது. கப்பல் போன தூரம் மாறவில்லை. கைபடும் தடவைகள்தான் குறைந்தன. வயலில் பறித்துக் கூடையில் போட்டு, களத்தில் கொட்டி, சாக்கில் அள்ளி, மண்டியில் மீண்டும் கொட்டும் கத்தரிக்கும் இது பொருந்தும். வயலிலேயே தரம் பிரித்து நேராகக் கிரேட்டில் போட்டால் இரண்டு கொட்டல் மிச்சம்.

ரயில் ஜங்ஷன் இருந்தும் ஏன் பயன்படவில்லை?

'அரக்கோணம் இவ்வளவு பெரிய ஜங்ஷன். காயை ரயிலில் அனுப்பினால் என்ன?' என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டபோதே அரக்கோணம் வழியாகத்தான் அது சென்றது. இன்று சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டு என்று நான்கு திசைக்கும் இங்கிருந்து பாதை பிரிகிறது.

விடை மேலே சொன்ன ஏற்று, இறக்கில்தான் இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி, அங்கே ஓர் இறக்கல், ரயிலில் ஓர் ஏற்றல், சென்னையில் ஓர் இறக்கல், அங்கிருந்து மார்க்கெட்டுக்கு மீண்டும் ஒரு வண்டி. 70 கிலோமீட்டருக்கு இத்தனை கைமாற்றம் தாங்காது. ரயிலின் மலிவு தூரம் கூடக்கூடத்தான் வெளிப்படும். 2020 ஆகஸ்ட் 7 அன்று மகாராஷ்டிராவின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் 'கிசான் ரயில்' விடப்பட்டது. அடுத்த மாதமே ஆந்திராவின் அனந்தபூரிலிருந்து தில்லிக்கு ஒன்று கிளம்பியது. வழியில் பல நிலையங்களில் ஏற்றலாம், குறைந்தபட்ச அளவு இல்லை, காய்கறி, பழத்துக்குக் கட்டணத்தில் 50 சதவீதம் மானியம் என்ற ஏற்பாட்டில் அது ஓடியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் மாம்பழத்துக்கும் வெங்காயத்துக்கும் அது சரி. அரக்கோணத்துக் கத்தரிக்கு லாரிதான் சரி.

ஒரு விதிவிலக்கு உண்டு. கீரை, பூ போன்ற எடை குறைந்த, விலை கூடிய பொருளைத் தாங்களே கொண்டுபோய்ச் சென்னையில் தெருவில் விற்பவர்களுக்குப் புறநகர் மின்சார ரயிலில் உள்ள வியாபாரிகள் பெட்டியை மிஞ்சிய மலிவான வழி இல்லை. இறக்குவதும் விற்பதும் ஒரே ஆள் என்பதால் கைமாற்றச் செலவே கிடையாது.

காலியாகத் திரும்பும் வண்டி

வாடகை பேசும்போது விவசாயி போகும் வழியை மட்டும் பேசுகிறார். வண்டிக்காரர் போகவர இரண்டுக்கும் சேர்த்துத்தான் வாடகை சொல்கிறார். காலியாகத் திரும்பும் 70 கிலோமீட்டருக்கான டீசலும் அந்த 2,800-க்குள் இருக்கிறது.

காலித் திருப்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2019-ல் இந்தப் பகுதி மக்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். சென்னைக் குடிநீர்ப் பஞ்சத்தின்போது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 2019 ஜூலை 12 அன்று முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நிறைந்து போன அதே 50 வேகனும் காலியாகத்தான் திரும்ப வேண்டியிருந்தது. குடிதண்ணீர் வேகனில் வேறு எதையும் ஏற்ற முடியாது. நெருக்கடிக்கு வேறு வழியும் இல்லை. காய்கறி வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிண்ணாக்கு, நாற்றுத் தட்டு, சொட்டுநீர்க் குழாய், அரக்கோணம் கடைகளுக்கு வர வேண்டிய சரக்கு என்று சென்னைப் பக்கத்திலிருந்து இங்கே வர வேண்டியவை ஏராளம். மாதத்தில் 4 நடைக்குத் திரும்பும் லோடு உறுதி என்று வண்டிக்காரருக்குத் தெரிந்தால் வாடகை தானாக இறங்கும். இதை ஒரு விவசாயி பேசி வாங்குவது கடினம். 10 பேர் சேர்ந்து, ஒரு பருவம் முழுவதற்கும் ஒரே வண்டியைப் பேசினால் வாங்கலாம்.

கரும்பும் பாலும் காட்டும் வழி

போக்குவரத்தைத் திட்டமிடுவது விவசாயிகளுக்குப் புதிதல்ல. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுபவர்களைக் கேட்டால் தெரியும். நடும்போதே பதிவு, நட்ட தேதி, ரகம், முதிர்ச்சி பார்த்து வெட்டு உத்தரவு, உத்தரவு வந்த பிறகே ஆள் பிடித்து வெட்டுவது. ஏன் இத்தனை கட்டுப்பாடு? வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குப் போக வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் எடையும் குறைகிறது, சர்க்கரைக் கட்டுமானமும் குறைகிறது. ஆகவே வெட்டும் ஆளும் வண்டியும் அரைவையும் ஒன்றுக்கொன்று இசைந்து ஓட வேண்டும். இந்த இசைவு தவறும் பருவத்தில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்று கரும்பு காய்வதையும் இந்தப் பகுதி விவசாயிகள் பார்த்தவர்களே.

பால் இன்னும் தெளிவான உதாரணம். காலையும் மாலையும் குறித்த நேரத்தில் வண்டி, குறித்த தடத்தில் சங்கங்கள், நிறையும் கேன்கள். ஒரு சங்கத்தில் பால் குறைந்தால் வண்டிச் செலவு லிட்டருக்குக் கூடும் என்பதால், எந்தத் தடத்தில் எத்தனை லிட்டர் என்பதைத் தினமும் பார்க்கிறார்கள். 3 லிட்டர் ஊற்றுபவரின் பாலும் நகரத்துக்குக் கட்டுப்படியாகும் செலவில் போய்ச் சேருவதற்கு இதுதான் காரணம்.

காய்கறியில் மட்டும் ஏன் ஆளுக்கு ஒரு திசை? கரும்புக்கு ஆலை திட்டமிடுகிறது, பாலுக்குச் சங்கம் திட்டமிடுகிறது. காய்கறிக்குத் திட்டமிட யாரும் இல்லை. அதை விவசாயிகளே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நடவிலேயே தொடங்கும் வண்டிக் கணக்கு

ஒரே ஊரில் நான்கு பேர் தலா அரை ஏக்கர் கத்தரி வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் திங்கள் பறிக்கிறார், ஒருவர் செவ்வாய், ஒருவர் வியாழன். யாருக்கும் வண்டி நிறைவதில்லை. நால்வரும் ஒரே நாளில் பறித்தால், ஆளுக்கு 175 கிலோ என்றாலும் 700 கிலோ சேர்ந்துவிடும். வாடகை ஆளுக்கு 700 ரூபாய், கிலோவுக்கு 4 ரூபாய். முன்பு சொன்ன கணக்கில் கிலோவுக்கு 14.71 ரூபாய் கையில் நிற்கும். உள்ளூரைவிட 1.81 ரூபாய் கூடுதல். ஆளுக்கு ஒரு பறிப்பில் 315 ரூபாய் அளவுக்கு.

315 ரூபாய் பெரிய தொகையல்ல என்று தோன்றலாம். உண்மைதான். நால்வரும் ஆளுக்கு ஆள் வண்டியோடு சென்னைக்குப் போய் இரவு விழிப்பதாக இருந்தால் இது வேண்டாம். முறை வைத்து ஒருவர் மட்டும் போய் வந்தால் சரி. கோயம்பேட்டில் வியாபாரம் நள்ளிரவுக்குப் பிறகு சூடுபிடிப்பதால், எத்தனை மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும், அதற்கு எத்தனை மணிக்குப் பறிப்பு முடிய வேண்டும் என்பதும் குழுவாக முடிவு செய்ய வேண்டியவை. மதிய வெயிலில் பறித்து, ஈரச் சாக்கு மூடாமல் களத்தில் போட்ட காய், வண்டி ஏறும் முன்பே எடை இழந்திருக்கும்.

நால்வரும் ஒரே நாளில் நட வேண்டும் என்பதில்லை. ஒரேயடியாக நட்டால் ஒரேயடியாக வரத்து வந்து உள்ளூர் விலையும் விழும். 15, 20 நாள் இடைவெளியில் நட்டு, பறிப்பு நாளை மட்டும் ஒன்றாக வைத்துக்கொண்டால், ஒருவர் செடி ஓயும்போது இன்னொருவர் செடி உச்சத்தில் இருக்கும். வண்டி பருவம் முழுக்க ஒரே அளவு லோடுடன் ஓடும். நாற்று விடும்போதே இதைப் பேசிவிட வேண்டும். பறிப்பு தொடங்கிய பிறகு பேசிப் பயனில்லை.

இப்படிச் சேர்வதற்கு அரசுத் திட்டங்களும் கைகொடுக்கின்றன. தமிழ்நாட்டில் 2017-18-ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்தைச் சேர்த்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு அமைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. பல குழுக்கள் அதில் டிராக்டரும் பவர் டில்லரும் வாங்கின. கருவி வாங்கியதோடு குழுவின் வேலை முடிந்துவிட்டதாக நினைத்த இடங்களில் குழுவும் கலைந்தது. வாரம் இருமுறை வண்டி அனுப்பும் வேலை இருந்தால் குழு தானாகவே கூடும்.

தண்ணீரையும் தோலையும் சுமக்க வேண்டாம்

நெல்லில் செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். 22 சதவீத ஈரத்துடன் 100 கிலோ நெல்லை ஏற்றினால் அதில் 6 கிலோ, காயவைத்தால் போய்விடும் தண்ணீர். நிலையத்தில் திருப்பிவிட்டால் டிராக்டர் வாடகை இரட்டிப்பு. வாசலில் காத்திருந்தால் அதற்கும் தனி வாடகை. களத்தில் ஒரு நாள் கூடுதலாகக் காயவைப்பதும், இணையவழிப் பதிவில் தேதி கிடைத்த பிறகே வண்டி பேசுவதும் காசு செலவில்லாத சிக்கனம்.

நிலக்கடலையில் 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு. தூரத்து வியாபாரிக்குக் காயாக அனுப்பினால் 30 கிலோ தோலுக்கும் வாடகை கொடுக்கிறோம். உள்ளூரிலேயே உடைத்தால் தோல் எரிபொருளாகவோ உரமாகவோ வீட்டிலேயே நிற்கும். விதைக்கடலைக்கு மட்டும் இது பொருந்தாது. அது காயாகவே இருக்க வேண்டும்.

விலை இறங்கியிருக்கும் நாளில் நெல்லையோ கடலையையோ இரண்டு மூன்று மார்க்கெட்டுக்கு அலைக்கழிப்பதும் வீண் வாடகை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கிடங்கில் இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெறும் வசதி இருக்கிறது. ஒரே ஏற்றல், ஒரே இறக்கல். விலை வரும்போது அங்கேயே விற்பனை.

இரண்டாவது சந்தை

ஒரே மார்க்கெட்டை நம்பித் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் இரண்டு முறை பார்த்துவிட்டது. 2020 மே மாதத் தொடக்கத்தில் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி மொத்த விற்பனை பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அரக்கோணத்துக்குத் தூரம் குறைந்தது. ஆனால், மண்டிக்காரரின் கடை எங்கே, வண்டி எங்கே நிற்பது, மழை பெய்தால் காயை எங்கே வைப்பது என்று எல்லாம் புதிதாயின. செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மீண்டும் திறக்கும்வரை, ஒரே மண்டியை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். உள்ளூர்ச் சில்லறை வியாபாரிகளோடும் தொடர்பு வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள்.

இரண்டாவது, 2025 ஜூன். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்து மாந்தோப்புகளுக்குச் சித்தூர் கூழ் ஆலைகள்தான் பக்கம். அந்த மாதம் சித்தூர் மாவட்ட நிர்வாகம், பிற மாநிலத் தோத்தாபுரி மாங்காய் அங்கே வரத் தடை விதித்தது. கர்நாடக முதலமைச்சர் ஆந்திர அரசுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் பிரச்சினை பெரிதானது. மாங்காயைப் பறித்துவிட்டால் எல்லையில் லாரியை நிறுத்திவைத்துக் காத்திருக்க முடியாது. பக்கத்து ஆலை என்பதால் வாடகை குறைவு என்ற கணக்கு, வழி திறந்திருக்கும்வரைதான் செல்லும். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைக்கு வாடகை எவ்வளவு ஆகும், கட்டுப்படியாக என்ன விலை வேண்டும் என்பதையும் பறிப்புக்கு முன்பே போட்டு வைத்திருப்பது நல்லது.

எதிர்த்திசையிலும் யோசிக்கலாம். பூ சாகுபடி செய்பவர்களுக்கு ஆடிக் கிருத்திகை சமயத்தில் சந்தையே திருத்தணிக்கு வந்துவிடுகிறது. புஷ்பக் காவடி எடுப்பவர்களால் மலையடிவாரத்தில் பூத்தேவை உச்சத்துக்குப் போகும். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் கூட்டம் வரும். இந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு கவாத்தும் உரமும் செய்தால், சென்னைக்குப் போகும் வாடகையே இல்லாமல் 10 கிலோமீட்டருக்குள் விற்றுவிடலாம். எந்தச் சிக்கனமும் இதற்கு ஈடாகாது.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

புதிய காய்கறி, பழங்களுக்கு ஜிஎஸ்டி இ-வே பில் தேவையில்லை. வழியில் யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம். நகரி, புத்தூர், திருப்பதி பக்கம் அனுப்பினால், தமிழ்நாட்டுப் பதிவு வண்டிக்கு ஆந்திராவுக்குள் செல்ல உரிய பெர்மிட் இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். அபராதம் விழுந்தால் அது கடைசியில் விவசாயியின் தலையில்தான் வந்து விடிகிறது. சொந்த விவசாய உபயோகத்துக்கு எனப் பதிவான டிராக்டரில் மற்றவர் காயை வாடகைக்கு ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும் வாய்ப்பு அதிகம். லோடு மேல் ஆள் உட்கார்ந்து போவதும் அப்படியே; காய் நசுங்குவதைவிடப் பெரிய நஷ்டம் அதில் காத்திருக்கிறது.

மண்டிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கம்பியில் குத்தி வைத்தால், பருவ முடிவில் அனுப்பிய கிலோ, விற்ற கிலோ, கழித்த வாடகை, கூலி, கமிஷன் என்று ஐந்து பத்தியில் எழுதிவிடலாம். அனுப்பியதற்கும் விற்றதற்கும் இடையே 100-க்கு 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சாக்கிலோ, நேரத்திலோ, மண்டியின் தராசிலோ ஏதோ ஒன்றில் கோளாறு. வயலில் ஒரு தராசு இருந்தால், எதில் என்று ஒரே பறிப்பில் கண்டுபிடித்துவிடலாம்.